தண்ணிக்காட்டு மகஜர்

2023 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 13 ஆம் திகதி புதன்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு, நாவலப்பிட்டிக்கு மேலேயுள்ள செண்பகமலைத் தோட்டத்துக் கலாசார மண்டபத்தில் நடைபெற்ற காணி விசாரணைக்குச் சமூகமளித்தோரும், அவர்கள் அமர்ந்திருந்த இடங்களும் பின்வருமாறு. மேடை மேசைக்குப் பின்னால், நடுக் கதிரையில், கண்டியிலிருந்து வந்த விசாரணை அதிகாரி சித்தி றலியா. அவருக்கு வலப்பக்கம் கிராம உத்தியோகத்தர் ரவிகுமார், முத்திரைப் பெட்டியுடன். முன்வரிசையின் இடது ஓரத்தில், காணியைக் கேட்டிருந்த கம்பனியின் பிரதிநிதி சதீஸ்குமார், மடிக்கணினியுடன். அதே வரிசையின் வலது ஓரத்தில் ஆட்சேபணை மனுவான மகஜரை எழுதிய யசோதினியும், அதில் முதலாம் இலக்கத்தில் கையொப்பமிட்ட ரத்தினம்மாவும். இரண்டாம் வரிசையிலிருந்து ஐந்தாம் வரிசை வரை தோட்டத்து ஆட்கள் முப்பத்தெட்டுப் பேர். ஆறாம் வரிசைக் கதிரைகள் அகற்றப்பட்டிருந்த வெறுந்தரையில் மரை என்ற பெரிய மான்; கொம்பு பின்னாலிருப்பவர்களுக்கு மறைக்கும் என்பதால் சுவரோரமாக நின்றது. அதன் வயிற்றுக்குக் கீழே மூன்று சருகுமான்கள். இடதுபக்க ஜன்னல் கட்டையில் மந்திகள் நான்கு. ஓடாத மின்விசிறியின் ஒரு இறக்கையில் இருவாய்ச்சி, எதிர் இறக்கையில் எடை சரிபார்த்தது போல மலையணில். மேசைக்கடியில், சீமெந்துத் தரையின் குளிர்ச்சிக்காக, செதில் போர்த்த அழுங்கு. கடைசி வாங்கில் சிறுத்தை. அந்த வாங்கில் இன்னும் ஐந்து பேருக்கு இடமிருந்தும் வேறெவரும் உட்காரவில்லை. முள்ளம்பன்றி, காட்டுப்பன்றி, நீர்நாய்கள் இரண்டு, காட்டுச்சேவல், கொம்பு ஓணான் ஆகியோர் வசதிப்பட்ட இடங்களில். தண்ணிக்காட்டு ஊற்று, ரத்தினம்மாவின் காலடியிலிருந்த நீல வாளியில். வாசற்படியில், பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக, தபால்காரர் முத்துலிங்கம். அவர் எதிர்ப்பாளர் அல்லர். அழைப்புக் கடிதங்களைக் கொண்டுபோய்க் கொடுத்தவர் மட்டுமே.

இத்தனை பேர் வந்து சேர்ந்ததற்குக் காரணம் அந்த ஆண்டு ஜூலை பத்தாம் திகதி கொழுந்து நிறுக்கும் மடுவத்துச் சுவரில் ஒட்டப்பட்ட அறிவித்தல். தோட்டத்துக்கு மேலே இருக்கும் ஒதுக்குக் காட்டை, அதாவது ஊரார் தண்ணிக்காடு என்று சொல்லும் இடத்தை, 'எவரும் குடியிருக்காத, பயன்பாடற்ற, எண்பத்து நான்கு ஏக்கர் அரச காணி' என்று குறிப்பிட்டு, விடுமுறை விடுதிகளும் கம்பிவண்டியும் அமைப்பதற்காக அதை ஒரு கம்பனிக்கு விடுவிக்க உத்தேசித்திருப்பதாகவும், ஆட்சேபணை உள்ளோர் முப்பது நாட்களுக்குள் பதிவுத் தபாலில் எழுதி அனுப்பலாம் என்றும் அதில் மூன்று மொழிகளிலும் இருந்தது. வேலைக்குப் போகிறவர்கள் நின்று வாசித்துவிட்டுப் போனார்கள். ரத்தினம்மா மட்டும் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு இரண்டாம் முறையும் வாசித்தார். அவர் பிறந்தது இந்தத் தோட்டத்தில் அல்ல, ஆற்றுக்கு அந்தப் பக்கம் இன்னொரு தோட்டத்தில். அவருக்குப் பதினான்கு வயதாக இருந்தபோது அங்கே லயக் குடியிருப்புக்கு மேலிருந்த காட்டை வெட்டினார்கள். அடுத்த வருடம், மலைத் தண்ணீர் வந்து விழும் பீலியில் தாரை கைத்தடி அளவாயிற்று, அதற்கடுத்த வருடம் விரல் அளவு, பிறகு நூல். அதன்பின் ஒரு குடம் தண்ணீருக்கு ஒன்றரை மைல் நடந்தார்கள். கல்யாணம் பேச வந்தபோது அவர் தரகரிடம் கேட்டது ஒரே கேள்வி: மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் பீலியில் எப்படித் தண்ணீர்?

"மாப்பிள்ளைய நான் நிமிந்தே பாக்கல. பீலியத்தான் பாத்தேன்," என்று கணவர் முத்துலிங்கத்தை வைத்துக்கொண்டே அவர் சொல்லுவார்.

"அது இன்னும் நல்லாத்தான ஓடுது. அப்புறம் என்னா?" என்பார் முத்துலிங்கம்.

செண்பகமலைப் பீலி அறுபத்து மூன்று குடும்பங்களுக்குக் குடிக்கவும் குளிக்கவும் தண்ணீர் கொடுத்தது. தண்ணிக்காடு போனால் பீலி போகும். பீலி போனால் ரத்தினம்மா ஐம்பத்து மூன்றாவது வயதில் மறுபடியும் குடத்தைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். அறிவித்தலின் மூன்று மொழிகளிலும் அவருக்குத் தெரிந்தது இவ்வளவுதான். அன்று பின்னேரமே அவர் யசோதினியிடம் போனார்.

யசோதினி அதே தோட்டத்துப் பெண். நாவலப்பிட்டி பஸ் நிலையத்துக்கு எதிரே போட்டோப் பிரதி எடுக்கும் சிறிய கடை வைத்திருந்தார். பிறப்புச் சான்றிதழ், ஓய்வூதியம், காணி, மின்சாரம் என்று எந்த விண்ணப்பமானாலும் நிரப்பித் தருவார். கடிதம் எழுதுவதில் அவருக்கென்று ஒரு முறை இருந்தது. மூன்று ஆசிரியர்கள் மட்டுமே இருந்த தோட்டப் பள்ளிக்கூடத்தில் கற்றதை அவர் மாற்றவேயில்லை: அனுப்புநர், பெறுநர், திகதி, விடயம், உள்ளடக்கம், இணைப்பு. இளைஞர்கள் சிலர் ஏற்கனவே எழுதி வைத்திருந்த கடிதத்தை அவர் வாசித்துவிட்டு மேசை லாச்சிக்குள் போட்டு மூடினார். அதில் பதினோரு இடங்களில் ஆச்சரியக்குறி இருந்தது.

"கோவத்த பைல்ல போட முடியாது. யாரும் குடியிருக்கலன்னு எழுதியிருக்கான்ல? அப்ப குடியிருக்கவங்க யாருன்னு நாம எழுதுவோம். ஆளுக்கொரு கொப்பி எடுத்துட்டு வாங்க. பாத்தத மட்டும் எழுதணும். திகதி, நேரம், எடம். பெரியப்பா பாத்தாரு, மாமா சொன்னாரு, அதெல்லாம் வேணாம்," என்றார்.

அடுத்த மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டமே மலையேறியது. அதற்குமுன் விறகுக்கும் மூங்கிலுக்கும் மட்டும் அந்தப் பக்கம் போனவர்கள் இப்போது கொப்பியும் பேனையுமாகப் போய்ச் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். சத்தமில்லாமல் உட்காருவது செண்பகமலை ஆட்களுக்குப் பழக்கமில்லாத காரியம். முதல் ஞாயிறு யாரும் எதையும் பார்க்கவில்லை. இரண்டாம் ஞாயிறு, அதாவது 23 ஆம் திகதி காலை 6.40க்கு, மூன்றாங்கல் பாறைக்கருகே மரை ஒன்று நின்று பார்த்துவிட்டுப் போனது என்று ரத்தினம்மா எழுதினார். யார் யாரைப் பார்த்தது என்று யசோதினி கேட்டதற்கு, "நானும் பாத்தேன், அதுவும் பாத்துச்சு, ரெண்டையும் போடு," என்றார். பறவைகள் இருபத்தாறு வகை, தவளைகள் எத்தனை வகையென்று தெரியவில்லை என்ற உண்மையான குறிப்பு, பன்றிக்கு வைத்த கம்பிக் கண்ணிகள் ஏழு, அவற்றில் இரண்டு தங்கள் தோட்டத்து ஆட்களே வைத்தவை என்ற இன்னும் உண்மையான குறிப்பு, எல்லாம் மகஜரில் சேர்ந்தன. கண்ணி வைத்த இருவரும் அதைத் தாமே கழற்றிக்கொண்டு வந்து இணைப்பு என்று மேசையில் வைத்தார்கள்.

மகஜரின் கடைசித் தாள்களில் கையொப்பத்துக்கான கட்டங்கள். இலக்கம், பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம், கையொப்பம். யசோதினி ஒன்று முதல் அறுபது வரை இலக்கமிட்டார். தோட்டப்புறங்களில் இது வழக்கம்: வந்தவர்களின் எண்ணிக்கைக்கு மட்டும் கோடு போடுவதில்லை. மலையில் நிற்பவர் அந்திக் கொழுந்து நிறுவை முடிந்துதான் வருவார், டவுனில் வேலை செய்பவர் கடைசி பஸ்ஸில்தான் வருவார். அவர்கள் வந்து பார்க்கும்போது இடமில்லை என்று ஆகிவிடக் கூடாது. அதனால் கூடுதலாகக் கோடு போட்டு, தாளை எல்லோரும் வந்துபோகும் ஓரிடத்தில் வைத்து, பேனையை நூலில் கட்டித் தொங்கவிடுவார்கள். இம்முறை அந்த இடம் பீலிக்கரைத் தகரக் கூரையின் கீழ், சவர்க்காரம் வைக்கும் கட்டை.

முதலாம் இலக்கத்தில் ரத்தினம்மா கையொப்பமிட்டு, இரண்டாம் கோட்டின்மேல் விரலை வைத்துக்கொண்டார். "இதுல யாரும் கை வைக்காதீங்க. இது எங்க வீட்டு ஆளுக்கு." ஆனால் அந்த வீட்டு ஆள் மறுத்துவிட்டார். முத்துலிங்கம் இருபத்தொன்பது வருடம் தபால்காரர். கடிதத்தைக் கொண்டுபோகிறவன் கடிதத்துக்குள் இருக்கக் கூடாது என்பது அவருடைய கொள்கை. இதைத் தபால் திணைக்களம் அவரிடம் கேட்கவில்லை, அவரே வைத்துக்கொண்டது.

"நாளைக்கு ஒருத்தன் சொல்லுவான், முத்துலிங்கம் அவன் கையெழுத்துப் போட்ட கடிதத்துக்கு மட்டும் வேகமா ஓடுனான்னு."

"ஓடுங்களேன். யாரு வேணாங்குறா?" என்றார் ரத்தினம்மா. முத்துலிங்கம் ஓடவுமில்லை, கையொப்பமிடவுமில்லை. இரண்டாம் கோடு வெறுமையாக இருந்தது.

ஓகஸ்ட் ஆறாம் திகதி ஞாயிற்றுக்கிழமை மாரியம்மன் கோயில் தேர். அன்று காலைவரை நாற்பத்தொன்றாம் இலக்கம்வரை நிரம்பியிருந்தது, இரண்டாம் இலக்கம் நீங்கலாக. லயங்களைப் பூட்டிவிட்டு எல்லோரும் தேருடன் கீழே போய், பின்னேரம் நாலு மணிக்குத் திரும்பினார்கள். கால் கழுவப் பீலிக்குப் போன ரத்தினம்மாவின் சத்தம் மேல்லயம் வரைக்கும் கேட்டது.

"எவன்டா அது, காலக் கழுவாம கையெழுத்து வச்சது?"

நாற்பத்திரண்டாம் இலக்கத்தில் பிளந்த குளம்பின் தடம் ஒன்று, கட்டத்துக்குள் சரியாக. நாற்பத்து மூன்றில் தாளில் செங்குத்தாகக் குத்தப்பட்ட முள்ளம்பன்றி முள். நாற்பத்து நான்கில் மூன்று நகக் கீறல், அருகே இரண்டு கறையான். நீர்நாய்களின் சவ்வு விரல்கள், மந்திகளின் நாலு கைகள் (அவற்றில் ஒன்று பெருவிரலை மட்டும் வைத்திருந்தது, எழுத்தறியாதவர் செய்வதுபோல), பன்றியின் மூக்கு, சருகுமான்களின் மூன்று சின்னஞ்சிறு குளம்புகள், மலையணில் கடித்துவிட்ட தாளின் ஓரம், ஒரு அத்திப்பழக் கறை, ஓணான் உரித்த தோல், சேவலின் சிவந்த இறகு. ஐம்பத்தொன்பதில் ஒரு பெரிய பாதம், கட்டத்தைவிட அகலமாக, ஆனால் பக்கத்துக் கட்டங்களில் படாமல் சற்றுச் சரித்து வைக்கப்பட்டிருந்தது. அறுபதாம் இலக்கத்தில் ஒரு ஈர வட்டம். இரண்டாம் கோட்டை யாரும் தொடவில்லை.

யசோதினி ஒரு கோப்பைத் தேநீர் குடித்து முடியும்வரை யோசித்தார். மறுநாள் தபாலில் சேர்க்க வேண்டும். புதிதாக எழுதி நாற்பது பேரிடமும் கையொப்பம் வாங்க நேரமில்லை. அந்தப் பத்தொன்பதையும் கோடு போட்டு அடித்துவிடலாம் என்று சிலர் சொன்னார்கள். "ஒருத்தர் வச்ச கையெழுத்த அடிக்கிறதுக்கு நான் யாரு?" என்று கேட்டுவிட்டு, மற்ற ஆட்களுக்குச் செய்தது போலவே பெயர், முகவரிக் கட்டங்களைத் தம் கையால் நிரப்பினார். 42, மரை, மூன்றாங்கல் பாறைக்கு மேல், தண்ணிக்காடு. 44, அழுங்கு, விழுந்த பலாமரத்துக்குக் கீழ், தண்ணிக்காடு. அடையாள அட்டைக் கட்டத்தில் பத்தொன்பது தடவை 'இல்லை' என்று எழுதினார். அறுபதாம் இலக்கத்தைக் காயவைக்கப் பார்த்தார்கள். வெயிலில் பிடித்தார்கள், இஸ்திரிப் பெட்டியும் வைத்தார்கள். காயவில்லை, மையும் கலையவில்லை. அப்படியே விட்டுவிட்டார்கள்.

வசிப்பிடத்தை உறுதிப்படுத்த வேண்டியவர் கிராம உத்தியோகத்தர் ரவிகுமார். அவர் பட்டியலை மேலிருந்து கீழாக வாசித்தார், கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மறுபடியும் வாசித்தார். பிறகு லாச்சியிலிருந்து சுற்றுநிருபத்தை எடுத்துப் பார்த்தார்.

"ஆறு மாசம் தொடர்ந்து குடியிருக்கணும்னு இருக்கு. எத்தனை காலுன்னு இல்ல," என்றார். "இந்த மரைய நானே பதினோரு வருசமாப் பாக்குறேன். என்னய விட நிரந்தரமா இருக்கு." அறுபது கோட்டுக்கும் கீழே முத்திரை விழுந்தது.

ஏழாம் திகதி மூன்று போட்டோப் பிரதிகள் எடுக்கப்பட்டன. மூன்றிலும் அறுபதாம் இலக்கம் ஈரமாகவே வந்தது. மூலப்பிரதி பதிவுத் தபாலில் கண்டிக்குப் போயிற்று, இரண்டு நாள் தவணை மீதமிருக்க.

கண்டிக் கந்தோரில் மகஜரைப் பெற்ற எழுதுநர் கடமை தவறாதவர். எதிர்ப்பாளர் ஒவ்வொருவருக்கும் விசாரணை அழைப்பைத் தனித்தனியே பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டும் என்பது விதி. அவர் ஐம்பத்தொன்பது உறைகளில் ஐம்பத்தொன்பது முகவரிகளை எழுதி அனுப்பினார். இரண்டாம் இலக்கத்துக்கு எதிரே 'கையொப்பமில்லை' என்று குறித்தார். உறைகள் செண்பகமலை உப தபாலகத்துக்கு வந்தன. லயங்களுக்கு முத்துலிங்கம் அரை நாளில் கொடுத்து முடித்தார். தண்ணிக்காட்டுக்கு மூன்று நாள் பிடித்தது. பதிவுத் தபால் என்பதால் கையில் கொடுத்துக் கையொப்பம் வாங்க வேண்டும், பாறையில் வைத்துவிட்டு வர முடியாது. அழுங்கு உறையைக் கண்டதும் சுருண்டுவிட்டது. அது நிமிரும்வரை ஒன்றேகால் மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். இருவாய்ச்சி அவரை மூன்று மரம் இழுத்தடித்தது. மந்திகளில் ஒன்று தன் கடிதத்தை வாங்கிக்கொண்டு மற்றதன் கடிதத்தையும் கேட்டது, அவர் கொடுக்கவில்லை. சிறுத்தை பகல் பன்னிரண்டு மணி வெயிலில் பாறைமேல் படுத்திருந்தது. முத்துலிங்கம் பத்தடி தள்ளி நின்று முகவரியை உரத்து வாசித்து, சரிதானா என்று கேட்டு, பதிவேட்டைத் தரையில் வைத்தார். அது எழுந்து வந்து பாதத்தை வைத்துவிட்டுப் போய்ப் படுத்தது. ஊற்றுக்குரிய கடிதத்தை அதன் கண்ணில் வைத்தபோது அது உறையை நனைக்காமல் உள்ளே எடுத்துக்கொண்டது. பதிவேட்டில் பத்தொன்பது இடத்திலும் 'நேரில் ஒப்படைக்கப்பட்டது' என்று அவர் எழுதினார்.

அன்று வீட்டுக்கு வந்ததும் ரத்தினம்மா கேட்டார்: "சிறுத்தையே கையெழுத்து வச்சிருச்சு. உங்களுக்கு என்னாங்க வந்துச்சு?"

"அதுக்கு உத்தியோகம் இல்ல," என்றார் முத்துலிங்கம்.

இவ்வாறாகத்தான் செப்டெம்பர் 13 ஆம் திகதி மண்டபம் நிறைந்தது. கீழேயிருந்து தோட்டத்து ஆட்கள் ஏறி வர, மேலேயிருந்து மற்றவர்கள் இறங்கி வந்தார்கள். பாதை குறுகலாக இருந்த இடத்தில் மரை நின்று பெண்களுக்கு வழிவிட்டது. ஊற்று வாய்க்கால் வழியாக வந்து, மண்டப வாசலில் ரத்தினம்மா வைத்த நீல வாளிக்குள் ஏறி உட்கார்ந்தது. கண்டிக்கு அடுத்த மடவளையிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்த சித்தி றலியா, மேசைக்குக் கீழே அழுங்கைக் கண்டு காலைச் சற்று ஒதுக்கி வைத்துக்கொண்டு, "எல்லாருக்கும் எடம் ஈக்கா?" என்று கேட்டுவிட்டு, இலக்கம் இலக்கமாகக் கூப்பிட்டார். ஒன்று. வந்திருக்கிறேன். இரண்டு. பதிலில்லை. ரத்தினம்மா திரும்பி வாசலைப் பார்த்தார்; முத்துலிங்கம் நிலைக்கதவை ஆராய்ந்தார். மூன்று, நான்கு என்று நாற்பத்தொன்றுவரை போய், நாற்பத்திரண்டுக்கு மரை ஒருமுறை குளம்பைத் தட்டியது. ஐம்பத்தொன்பதுக்குக் கடைசி வாங்கிலிருந்து ஒரு உறுமல், மரியாதையாக. அறுபதுக்கு வாளியில் ஒரு வட்டம் எழும்பி அடங்கியது. அதிகாரி ஒவ்வொன்றுக்கும் சரி அடையாளம் இட்டார்.

சதீஸ்குமார் எழுந்தார். கெட்டிக்காரப் பிள்ளை, கழுத்துப்பட்டியை இறுக்கிக்கொண்டு, நிலைமையைப் பார்க்காமல், மனப்பாடம் செய்துவந்ததைத் தொடங்கினார். வேலைவாய்ப்பு, வெளிநாட்டவர், அபிவிருத்தி. நடுவில் மட்டும் அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"மேடம், இதுங்க வந்து உக்காந்திருக்கு, சரி. ஆனா இதுங்க ஒண்ணும் பேசாதே. பேசாத ஆள எப்படி எதிர்ப்பாளரா எடுக்கிறது?"

"தம்பி, ஏன்ட படிவத்துல வந்தீக்காரா இல்லயாண்டுதான் ஈக்கி. பேசினாராண்டு ஒரு எடத்துலயும் கேக்கல்ல," என்றார் சித்தி றலியா. "இந்த நாப்பது பேர்லயும் பாதிப்பேர் இன்னம் வாயத் தொறக்கல்ல. அவங்களயும் வெட்டவா? நீங்க செல்லுங்க."

மின்விசிறியைப் போட முடியாததால் புழுக்கம். சதீஸ்குமாரின் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. அவர் கொண்டுவந்த போத்தலை மந்திகள் எப்போதோ எடுத்துவிட்டன. ரத்தினம்மாவுக்கு ஒருவர் தாகத்தோடு நிற்பதைப் பார்க்க முடியாது, அது எதிராளியானாலும். வாளியைப் பார்த்து, "கொஞ்சம் எடுத்துக்குறேன்," என்று கேட்டுக்கொண்டு, ஒரு தம்ளரில் மொண்டு நீட்டினார்.

"குடிங்க தம்பி. மூச்சு வாங்குது பாருங்க."

அவர் ஒரே மூச்சில் குடித்தார். தம்ளரைப் பார்த்தார். "எந்தத் தண்ணிம்மா இது?"

"நீங்க கேக்குற மலைத் தண்ணிதான்."

அவர் மேசைப் பக்கம் திரும்பி, 'எவரும் குடியிருக்காத, பயன்பாடற்ற' என்ற வரியைச் சொல்ல வாயைத் திறந்தார். வாயிலிருந்து ஊற்றின் சத்தம் வந்தது. முதலில் கல்லிடுக்கில் கசியும் சத்தம், பிறகு வேர்களுக்கடியில் போகும் சத்தம், பிறகு தகரப் பீலியிலிருந்து குடத்துக்குள் விழும் சத்தம், குடம் நிறைய நிறைய மாறும் அந்தச் சத்தம்வரை எல்லாம். அவர் வாயை மூடினார், திறந்தார், மறுபடியும் அதேதான். நாலு நிமிடம் நீடித்தது. ஐந்தாம் வரிசையில் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டார். சதீஸ்குமார் முதலில் பயந்து, பிறகு கையை வாய்க்கு முன்னால் வைத்துப் பார்த்து, கடைசியில் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பும் தண்ணீராகவே கேட்டது. 'கம்பனியின் சார்பில் ஊற்றின் சத்தம் செவிமடுக்கப்பட்டது' என்று அதிகாரி குறித்துக்கொண்டு, பதினொன்று இருபதுக்குக் கூட்டத்தை முடித்தார். தேநீரும் வடையும் கொடுக்கப்பட்டன. காட்டுப்பன்றி வடை பதினேழு சாப்பிட்டது.

ஒக்டோபர் முதல் வாரத்தில் பதில் வந்தது. மேற்படி காணியில் குடியிருப்போர் உள்ளமையாலும், அவர்கள் விசாரணைக்குச் சமூகமளித்தமையாலும் விடுவிப்புச் சிபாரிசு செய்யப்படவில்லை. ஒதுக்குக் காடாகவே தொடரும். ஆனால் ஒரு நிபந்தனை. காணியின் நிலை குறித்து ஊரார் ஒவ்வோர் ஆண்டும் செப்டெம்பர் முப்பதுக்கு முன் எழுத்தில் அறிக்கை அனுப்ப வேண்டும். ஓராண்டு தவறினாலும் விடயம் மீண்டும் பரிசீலிக்கப்படும். ரத்தினம்மா அந்தக் கடிதத்தைப் பீலிக்கரைக்குக் கொண்டுபோய்த் தண்ணீருக்கு வாசித்துக் காட்டினார். அன்று தண்ணீர் பீலியிலிருந்து ஒரு சாண் அதிகமாகத் தள்ளி விழுந்து, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த எல்லோரையும் நனைத்தது. யாரும் ஏசவில்லை.

அதன்பின் மாதக் கடைசி ஞாயிறு தண்ணிக்காட்டுக்குரியது என்று ஆயிற்று. எல்லைக் கற்களுக்கு வெள்ளை பூசினார்கள். கண்ணி தேடிக் கழற்றினார்கள். மரங்களை மூடிப் படரும் வெளிநாட்டுக் கொடியை வேரோடு பிடுங்கினார்கள். மாசிமாத வெயிற் காய்ச்சலுக்கு முன்பே மானாப் புல்லை வெட்டித் தீ பாயாதபடி பாதை எடுத்தார்கள். கோயிலுக்குப் போகிறவர்கள் போட்ட பொலித்தீனைப் பொறுக்கிச் சாக்கில் கட்டினார்கள். இந்த வேலைகளில் மேலேயிருப்பவர்களும் கூடிக்கொண்டார்கள். கொடியின் உச்சியை மந்திகள் இழுத்தன, கிழங்கைப் பன்றி தோண்டியது. மகஜரில் கையொப்பமிட்ட காரணத்துக்காகப் பன்றி லயத்து மரவள்ளியைத் தின்பதை நிறுத்திவிடவில்லை. அந்த விடயம் இரு தரப்பாலும் இன்னும் பேசப்பட்டு வருகிறது. வெள்ளை பூசிய எல்லைக் கற்கள் வருடத்துக்கு ஒரு முழம் வெளிப்பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தன. 2025 பெப்ரவரியில் அளந்தபோது எண்பத்து நான்கு ஏக்கர் எண்பத்தைந்தரையாக இருந்தது. அளவுச் சங்கிலி பழசு என்றார் ரவிகுமார், எழுதிக்கொண்டார். சதீஸ்குமார் வேறு வேலைக்குப் போய்விட்டார். மழைக்காலத்தில் மட்டும் அவர் பேச்சில் இன்னும் கொஞ்சம் தண்ணீர்ச் சத்தம் வருகிறதாம். அது அவருக்கு நல்லதாகவே அமைந்தது, வானொலியில் வேலை கிடைத்தது.

2024 அறிக்கையில் தொண்ணூற்றாறு கையொப்பம். 2025 அறிக்கைக்கு யசோதினி நூற்றைம்பது கோடு போட்டார். பழையவர்களின் இலக்கத்தை அவர் மாற்றுவதில்லை. மரைக்கு எப்போதும் நாற்பத்திரண்டு, ஊற்றுக்கு எப்போதும் அறுபது. பீலிக்கரைக் கட்டையில் வைத்த நாலாம் நாள் எல்லாக் கோடும் நிரம்பின, தவளைகள் உட்பட. கடைசியில் பார்த்தால் ஒரே ஒரு கோடுதான் வெறுமையாக இருந்தது.

முத்துலிங்கம் அந்த ஆண்டு ஓகஸ்டில் ஓய்வுபெற்றார். பையையும் பதிவேட்டையும் ஒப்படைத்துவிட்டு வந்து, ஒரு மாதம் என்ன செய்வதென்று தெரியாமல் காலை எட்டு மணிக்குச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வாசல்வரை போய்த் திரும்பினார். செப்டெம்பர் 29 ஆம் திகதி திங்கட்கிழமை காலை, அறிக்கையை மடித்து உறையிலிட யசோதினி வந்திருந்தார். ரத்தினம்மா அடுப்பில் மாப்பசை காய்ச்சிக்கொண்டிருந்தார். அறுபதாம் இலக்கத்தின் ஈரத்துக்குக் கடையில் வாங்கும் பசை நிற்பதில்லை. முத்துலிங்கம் மேசைக்கு வந்து நின்றார். கையைக் கழுவியிருந்தார். பேனையை எடுத்து, மூடியைக் கழற்றி, முதல் தாளில் முதல் பெயருக்குக் கீழே பார்த்தார்.

"எடம் இருக்கா?" என்றார்.

"ரெண்டு வருசமா இருக்கு," என்றார் ரத்தினம்மா, அடுப்பைவிட்டுத் திரும்பாமலே. "சிறுத்தையும் தொடல, பன்னியும் தொடல. அதுங்களுக்குக்கூடத் தெரிஞ்சிருக்கு."

முத்துலிங்கம் முழுப் பெயரையும் எழுதினார். தொழில் என்ற கட்டம் இல்லாதபோதும் பக்கத்தில் சிறியதாக 'ஓய்வு' என்று சேர்த்தார். யசோதினி ஒற்றுத்தாள் வைத்து அழுத்தினார், மூன்றாக மடித்தார், உறைக்குள் வைத்தார். ரத்தினம்மா பசையை விரலால் எடுத்து ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை தடவி, உறையின் வாயை மூடி, மேலே கையை வைத்து அறுபதுவரை எண்ணிவிட்டு எடுத்தார்.

நாவலப்பிட்டித் தபாலகத்தில் முத்துலிங்கம் முதன்முறையாகக் கண்ணாடிக்கு வெளிப்பக்கம் வரிசையில் நின்றார். அவருக்கு முன்னால் ஏழு பேர். முறை வந்ததும் உறையை உள்ளே தள்ளினார். கருமபீடத்திலிருந்த நிஷாந்தினி அதைத் தராசில் வைத்து, விரல்களைப் பார்த்தார்.

"ஈரமா இருக்கே, அங்கிள்."

"அறுபதாம் நம்பரும்மா."

"ஆ, சரி," என்று நிஷாந்தினி விரலைத் துடைத்துக்கொண்டு, பதிவு இலக்கத்தை ஒட்டி, திகதி முத்திரையைக் குத்தி, பற்றுச்சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, உறையைக் கண்டிப் பைக்குள் போட்டு, "அடுத்த ஆள் வாங்க," என்றார்.